மீனின் தலை இடது காலில்

என் வீட்டுக்காரர் வீரமுத்துவுக்குக் கை சும்மா இருக்காது. பெக்கான் நானாஸில் கிரில் பட்டறை வைத்திருக்கிறார். கேட், ஜன்னல் கம்பி, மாடிப்படிக் கைப்பிடி என்று ஊரில் பாதி வீடுகள் அவர் கைவேலைதான். ஒரு கதவு கிரீச்சிட்டால், அது யார் வீட்டுக் கதவாக இருந்தாலும், எழுந்துபோய் எண்ணெய் விட்ட பிறகுதான் உட்காருவார். கல்யாண வீட்டில் சாப்பாட்டு மேசை ஆடினால் இலையை மறந்துவிட்டு மேசைக்கு அடியில் குனிந்துவிடுவார். இப்படிப்பட்ட மனுஷனிடம் வந்து, 'பிள்ளைகளுக்குப் புத்தாக்கப் போட்டி வருகிறது, பெற்றோர் கொஞ்சம் உதவுங்கள்' என்று பள்ளிக்கூடம் கேட்டால் என்ன ஆகும்? எறும்பிடம் சர்க்கரையைக் காவல் வைத்த கதைதான்.

புத்தாக்கப் போட்டி என்றால், அன்றாடம் கண்ணில் படும் ஒரு தொல்லையை எடுத்துக்கொண்டு, அதைத் தீர்க்க ஒரு பொருளைப் பிள்ளைகளே உருவாக்கி, நடுவர் முன்னால் நின்று விளக்க வேண்டும். 'பிள்ளைகளே' என்பது விதியில் இருக்கிறது. நடப்பில் அப்பா செய்வார், டீச்சர் விளக்கம் எழுதுவார், பிள்ளை அதை நெட்டுருப் போட்டு ஒப்பிக்கும். எல்லாப் பள்ளியிலும் இதுதான் நடக்கிறது, நாம் மட்டும் என்ன அரிச்சந்திரன் வம்சமா என்று யாரும் கேட்டுக்கொள்வதுகூடக் கிடையாது.

எங்கள் ரூபினி மூன்றாம் ஆண்டு படித்தபோது அன்னாசிக் கொண்டையைத் திருகி எடுக்கும் இயந்திரம் செய்தாள். நான்காம் ஆண்டில், மழை வந்தால் கூரைக்குள் தானாக இழுத்துக்கொள்ளும் துணிக்கொடி. செய்தாள் என்று சொல்கிறேன். அந்த நாட்களில் அவள் கையில் ஒரு திருகாணியைக்கூட நான் பார்த்ததில்லை. இரண்டுக்கும் தங்கப் பதக்கம். பத்திரிகைப் படத்தில் பதக்கத்தோடு அவள் நிற்க, பின்னால் அவள் அப்பா கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றார். படத்தைச் சட்டம் போட்டு மாட்டியதும் அவர்தான், சட்டத்தைச் செய்ததும் அவர்தான்.

ஐந்தாம் ஆண்டில் அவளுக்குப் புதிதாகக் கிளாரிசா டீச்சர் வந்தார். குளுவாங் பக்கம் லாயாங் லாயாங்கிலிருந்து மாற்றலாகி வந்தவர், சின்ன வயது. மதிப்பெண் பார்க்கப் போன நாளில் என்னை மட்டும் தனியாக உட்கார வைத்தார்.

"அம்மா, ஒன்னு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"அத கேட்டதுக்கு அப்புறம்தான் டீச்சர் சொல்ல முடியும்."

டீச்சர் சிரிக்கவில்லை. "ஓவியப் பாடத்துல, உங்களுக்குப் பிடிச்சத வரைங்கன்னு சொன்னேன். ரூபினி வரையவே இல்ல. 'என்ன வரையணும் டீச்சர், நீங்க சொல்லுங்க'ன்னு கேட்டுக்கிட்டே இருந்தா. நான் சொல்லல. மணி அடிச்சதும் அழுதுட்டா."

எனக்குக் கோபம் வந்தது. வரையச் சொன்னவர் என்ன வரைவது என்று சொல்லிவிட்டுப் போனால் என்ன, பெண்ணை அழவைத்துவிட்டு என்னிடம் பிராது வேறா என்று முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். வந்த பிறகுதான் அந்தக் கோபம் இருக்க வேண்டிய இடத்துக்கு வந்து சேர்ந்தது. பாலர் பள்ளி போகும்போது இவள் சோற்றுப் பானை வந்த அட்டைப் பெட்டியைக் கப்பலாக்கி, அதில் படுத்துத் தூங்கியவள். என் சேலைப் பின்களையெல்லாம் கோத்து வாலுள்ள பாம்பு செய்தவள். இப்போது தீபாவளி வாழ்த்து அட்டை செய்யக்கூட, "அப்பா, எப்படி மடிக்கணும்?" என்று பட்டறைக்கு ஓடுகிறாள். அவரும் மடித்து, ஒட்டி, பளபளவென்று கொடுத்துவிடுவார். கண்ணெதிரே இது நடந்துகொண்டிருந்தது. என் பெண் நல்ல பெண், கேட்டுச் செய்கிறாள் என்று நானும் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். பயமாக இருந்தது. இது இப்படியே போனால் இந்தப் பெண் எதையும் தானாகத் தொடவே மாட்டாள்.

அந்த வருஷம் போட்டிக்கு டீச்சர் ஒரு விதி வைத்தார். செய்வதெல்லாம் பள்ளியில், கலை அறையில். பெற்றோர் அந்த அறை வாசலைத் தாண்டக் கூடாது. வாட்சாப் குழுவில் இதைப் போட்டுவிட்டு, 'அப்பாமார்கள் தயவுசெய்து திருப்புளியோடு வர வேண்டாம்' என்று ஒரு வரியும் சேர்த்திருந்தார்.

"இது என்னையத்தானே சொல்றாங்க?" என்றார் இவர்.

"வேற யார? உங்களத்தான்."

ரூபினிக்குக் கூட்டாளி கென்னத். அவன் தம்பி மார்கஸ் முதலாம் ஆண்டு. ரூபினியையும் கென்னத்தையும் பள்ளியைச் சுற்றிவரச் சொல்லி, ஒரு தொல்லையைக் கண்டுபிடித்து வாருங்கள் என்றார் டீச்சர். தொல்லைக்கா பஞ்சம்? நூல்நிலைய வாசலுக்குப் போனாலே போதும். நூல்நிலையத்துக்குள் காலில் சப்பாத்து போட்டுப் போகக் கூடாது, வாசலிலேயே கழற்றிவிட வேண்டும். பள்ளிச் சீருடையில் வெள்ளைச் சப்பாத்து போய்க் கறுப்புச் சப்பாத்து வந்த பிறகு எல்லாம் ஒரே அச்சு. மணி அடித்ததும் முதலாம் ஆண்டுக் குட்டிகள் வெளியே பாய்ந்து, கால் நுழைந்ததில் ஏறிக்கொண்டு ஓடும். மார்கஸுக்கு ஒருநாள் இரண்டும் இடது கால். அதையும் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தே போய்விட்டான்.

ஒரு மாலை ரூபினி வந்ததும் வராததுமாகத் தன் பழைய சப்பாத்துகளைத் தேடி எடுத்தாள். உள்ளே பாதம் படும் இடத்தில் கிடக்கும் மெல்லிய மெத்தையை உருவி, இரண்டையும் ஒட்டி வைத்து, மார்க்கர் பேனாவால் பெரிய மீன் ஒன்று வரைந்தாள். தலை இடது கால் மெத்தையில், வால் வலது கால் மெத்தையில். பிறகு சப்பாத்துக்குள் திரும்பச் செருகி என்னைக் கூப்பிட்டாள்.

"அம்மா, இங்க பாருங்க. சரியா வச்சா மீன் முழுசா இருக்கும். மாத்தி வச்சா தலையும் வாலும் முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கும். வேற ஆளு சப்பாத்து வந்தா மீன் தலைக்கு வேற வாலு வந்துரும்."

"யாரு சொல்லிக் கொடுத்தா?"

"யாரும் இல்லையே," என்றாள். அவளுக்கே அது ஆச்சரியமாக இருந்தது போல. நான் அந்தக் கோணல் மீனைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அதற்கு ஒரு கண் நெற்றியில் இருந்தது. எனக்கு இருந்த சந்தோஷத்தில் அன்றைக்குக் குழம்புக்கு உப்புப் போட மறந்துவிட்டேன்.

சாப்பிட வந்தவர் மீனைத் தூக்கிப் பார்த்தார். "நல்லா இருக்கு. ஆனா மீனு, வாலுன்னு எதுக்குச் சுத்தணும்? கதவு வெச்ச அலமாரி ஒன்னு அடிச்சா முடிஞ்சு போச்சு லா. ஆளுக்கு ஒரு அறை, ஆளுக்கு ஒரு நம்பர்."

"உங்க வேலைய பாருங்க," என்றேன். அவர் தன் வேலையைத்தான் பார்த்தார். அது என்ன வேலை என்று நான் கேட்காமல் விட்டது தப்பாகிவிட்டது.

கலை அறையில் முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் தங்களுக்கு வேண்டிய படத்தைச் சொன்னார்கள். ரூபினியும் கென்னத்தும் கோடு போட்டுக் கொடுக்க, குட்டிகளே வண்ணம் தீட்டின. பட்டாம்பூச்சி, மைலோ டின், ரயில். மார்கஸுக்கு மண்வாரி இயந்திரம். தும்பிக்கை இடது காலில், சக்கரம் வலது காலில். இரண்டு நாள் பள்ளியே சிரித்தது. யாருக்கும் சப்பாத்து மாறவில்லை. ரூபினி வீட்டுக்கு வந்து பேசிய பேச்சுக்கு அளவே இல்லை.

மூன்றாம் நாள் வெயில் கொளுத்தியது. குட்டிகள் திடலில் ஓடின, கால் வேர்த்தது, மார்க்கர் மை ஊறியது. அன்று மாலை முதலாம் ஆண்டு வீடுகள் எல்லாவற்றிலும் வெள்ளைக் காலுறைகள் சிவப்பும் பச்சையும் ஊதாவுமாகக் கழற்றப்பட்டன. வாட்சாப் குழு தீப்பிடித்தது. முதல் ஆளாக வந்தது சூசன், கென்னத்துக்கும் மார்கஸுக்கும் அம்மா. சிங்கப்பூரில் வேலை, விடிவதற்கு முன்பே கிளம்பி எல்லைப் பாலத்து நெரிசலில் நின்று, இருட்டிய பிறகு வீடு வருகிறவர். மறுநாள் லீவு போட்டுவிட்டுப் பள்ளிக்கே வந்துவிட்டார், காலுறைகளைப் பையில் போட்டுக்கொண்டு.

"நான் பாலத்துல நின்னுட்டு வந்து இதத் தேச்சுக்கிட்டு உக்காரணுமா டீச்சர்? அலமாக், குளோரக்ஸ் போட்டும் போகல! என் பெரியவனே என் சின்னவனுக்குப் பண்ணியிருக்கான்!"

தலைமையாசிரியர் எங்களையும் பிள்ளைகளையும் அலுவலகத்துக்குக் கூப்பிட்டார். கிளாரிசா டீச்சர் மன்னிப்புக் கேட்டார். "தப்பு நடந்துருச்சு. அதை எப்படிச் சரி பண்றதுன்னு பிள்ளைங்க இப்ப யோசிக்கறாங்க. கொஞ்ச நாள் கொடுங்க சார்," என்றார்.

சார் கொடுத்திருப்பாரோ என்னவோ. அந்த நேரம் பார்த்து வெளியே லாரிச் சத்தம் கேட்டது. என் வீட்டுக்காரர் இறங்கினார். பின்னால் சாக்குப் போர்த்தி ஏதோ நின்றது. சாக்கை இழுத்தார். கம்பியும் தகடுமாக ஒரு அலமாரி பளபளத்தது. ஒவ்வொரு அறைக்கும் சின்னக் கதவு, கதவில் நம்பர், கதவைத் தொட்டால் சுருள்கம்பி தானாக மூடியது. சப்பாத்துக்குக் கொண்டோமினியம் கட்டிக்கொண்டு வந்திருந்தார் மனுஷன்.

தலைமையாசிரியர் வெளியே வந்து, கதவுகளைத் திறந்து திறந்து மூடிப் பார்த்தார். "இதுதான் வீரமுத்து புத்தாக்கம்! இதையே அனுப்பிடலாம். ரூபினிதான் அழகா பேசுவாளே."

ரூபினி வாசல் மூலையில் நின்றிருந்தாள். அவள் அப்பா அவளைப் பார்த்துச் சிரித்தார். அவருக்கு நிஜமாகவே அது அவளைக் காப்பாற்றிய நேரம். அவர் சிரிப்பைப் பார்த்து எனக்குத் திட்டவும் முடியவில்லை, சும்மா இருக்கவும் முடியவில்லை.

அன்று சாயங்காலம் அவர் விளக்கத்தை எழுதிக் கொடுத்தார். அவள் அறைக்குள் உட்கார்ந்து ஒப்பிக்க ஆரம்பித்தாள். போன வருஷம், அதற்கு முந்தின வருஷம் கேட்ட அதே குரல், ஏற்ற இறக்கம்கூட அதே இடத்தில். நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். கரண்டியை வீசியடித்துவிட்டுக் கூடத்துக்கு வந்தேன்.

"போதுமா உங்களுக்கு? அவளா ஒன்னு செஞ்சா. அதுவும் பொறுக்கல!"

"என்னாடி பேசற? மை ஊறிப் போனதுக்கு நானா காரணம்? புள்ள மானம் போகுதேன்னு விடிய விடிய வெல்டிங் அடிச்சேன்."

சத்தம் கேட்டு ஒப்பிப்பது நின்றது. ரூபினி வெளியே வந்தாள். கையில் அந்தத் தாள் இருந்தது. அதை அவள் அப்பாவிடம் நீட்டினாள்.

"அப்பா, இத நீங்களே போய்ச் சொல்லுங்கப்பா."

"என்னாது?"

"அலமாரி ரொம்ப நல்லா இருக்கு. நீங்கதான செஞ்சீங்க, கேள்வி கேட்டா உங்களுக்குத்தான் தெரியும். நீங்க நல்லா சொல்வீங்க." கோபமோ குத்தலோ அவள் குரலில் துளிகூட இல்லை. "என்னோட மீனு இன்னும் சரியாகல. நான் அத சரி பண்ணணும்."

பிள்ளை சண்டை போட்டிருந்தால் அவர் பதிலுக்குக் கத்தியிருப்பார். இது அவரைத் தாக்கிவிட்டது. தாளை வாங்கிப் படித்தார், தான் எழுதியதைத் தானே முதல் முறை பார்ப்பவர்போல. பிறகு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "சாப்பிட்டியா?" என்று கேட்டார்.

காலையில் அவரே தலைமையாசிரியரைப் பார்க்கப் போனார். அலமாரி நூல்நிலைய வாசலுக்கு அன்பளிப்பு, போட்டிக்கு வராது என்று சொல்லிவிட்டார். சாருக்குத் தங்கம் கைநழுவிப் போன வருத்தம். "அப்ப பிள்ளைங்க எதக் கொண்டு போவாங்க வீரமுத்து?" என்று கேட்டிருக்கிறார். "அத அவங்ககிட்டதான் சார் கேக்கணும்," என்று இவர் சொன்னாராம். கிளாரிசா டீச்சர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். இவர் வாயே திறக்கவில்லை.

பிள்ளைகள் மைக்கு மேல் புத்தகத்துக்கு அட்டை போடும் பிளாஸ்டிக்கை ஒட்டினார்கள்; கால் வழுக்கியது. துணியில் படம் வெட்டி ஒட்டினார்கள். மார்கஸ் கல் குத்துவதுபோல் இருக்கிறது என்று நொண்டிக் காட்டினான். டீச்சர் ஒவ்வொரு முறையும், "அப்புறம்?" என்று மட்டும்தான் கேட்டாராம். கடைசியில் கென்னத்துக்குக் கோபம் வந்து, தம்பியின் மெத்தையில் மை ஊறின இடத்தையெல்லாம் கத்தரியால் வெட்டி வீசினான். சப்பாத்துக்குள் அதைத் திரும்பப் போட்டுப் பார்த்த ரூபினி கத்தினாளாம். வெளிர் மெத்தையில் ஓட்டை விழுந்த இடத்தில், அடியிலிருந்த கறுப்புத் துணி மண்வாரியின் வடிவத்திலேயே தெரிந்தது. மையும் இல்லை, ஒட்டும் வேலையும் இல்லை. அன்றைக்கு முதலாம் ஆண்டு வகுப்பு முழுக்கக் கத்தரிச் சத்தம்தான். சூசன் மட்டும் ஒரு வாரம் தினமும் காலுறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சரி, வெள்ளையாத்தான் இருக்கு," என்று குழுவில் போட்டார். அதுவே பெரிய வார்த்தை.

போட்டி பொந்தியானில் ஒரு மண்டபத்தில் நடந்தது. பெற்றோர் கயிற்றுக்கு இந்தப் பக்கம். பக்கத்து மேசைகளில் விளக்கு எரிந்தது, மோட்டார் ஓடியது, பிள்ளைகள் மூச்சு விடாமல் ஒப்பித்தார்கள். எங்கள் மேசையில் நாலைந்து ஜோடிப் பழைய சப்பாத்து. வருகிறவர்கள் மூக்கைப் பிடித்துக்கொள்ளாமல் போனதே பெரிது. என் வீட்டுக்காரர் கயிற்றை ஒட்டி நின்றார். அவர் தாடை மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

தலையில் துடோங் முக்காடு அணிந்த ஒரு மலாய் நடுவர் வந்தார். ரூபினி மலாயிலும் ஆங்கிலத்திலும் கலந்துகட்டி விளக்கினாள். திக்கினாள், பின்னால் சொல்ல வேண்டியதை முன்னால் சொன்னாள், காலுறைக் கதையைச் சொல்லும்போது அவளே சிரித்துவிட்டாள். நடுவர் மீன் சப்பாத்தைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். சின்னப் பிள்ளைகளுக்குக் கால் வேகமாக வளருமே, ஒவ்வொரு புதுச் சப்பாத்துக்கும் யார் உட்கார்ந்து வெட்டுவது?

இதை யாரும் யோசிக்கவில்லை. இவர் யோசித்திருந்தார். "அச்சு... தகட்டுல ஒரு அச்சு..." என்று அவர் உதடு அசைந்தது. ரூபினி எங்கள் பக்கம் திரும்பினால் போதும், வாயைப் பார்த்தே புரிந்துகொள்வாள். இரண்டு வருஷம் பழகியவள்.

அவள் திரும்பவில்லை. "தா தாவு லாகி, சிக்கு," என்றாள். இன்னும் தெரியவில்லை டீச்சர் என்று. சொல்லிவிட்டு உடனே கென்னத்தைப் பார்த்து, "டேய், அவங்களே வெட்டிக்கலாம்ல?" என்றாள். முதலாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் கத்தரியைக் கொடுத்தால் விரல் போய்விடும் என்று கென்னத் சொன்னான். அப்போ ஆறாம் ஆண்டு அக்காமார்கள் வெட்டட்டும் என்றாள் இவள். அவர்கள் பள்ளி முடிந்து போய்விட்டால் என்றான் அவன். நடுவர் எதிரில் நிற்கிறார் என்பதையே மறந்து இரண்டும் தமிழில் சண்டை பிடித்துக்கொண்டிருந்தன. அந்த அம்மாவுக்கு ஒரு வார்த்தை புரிந்திருக்காது. ஆனாலும் அவசரப்படாமல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

நான் இவரைப் பார்த்தேன். உதடு அசைவது நின்றிருந்தது. இரண்டு கையையும் கால்சட்டைப் பைக்குள் ஆழமாக விட்டுக்கொண்டு, தன் பெண்ணை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

பதக்கம் கிடைக்கவில்லை. பங்கெடுத்ததற்கு ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். தலைமையாசிரியர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். கிளாரிசா டீச்சர் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் ஐஸ் கச்சாங் வாங்கிக் கொடுத்தார். பதக்கம் போனதில் எனக்கும் கொஞ்சம் வருத்தம்தான், பொய் சொல்லக் கூடாது.

வீடு திரும்பும்போது பின்னிருக்கையில் ரூபினிக்கும் கென்னத்துக்கும் இன்னும் அந்தச் சண்டை ஓடிக்கொண்டிருந்தது. சான்றிதழின் பின்பக்கத்தில் ரூபினி எதையோ வரைந்துகொண்டிருந்தாள். இவர் கண்ணாடியில் பார்த்துப் பார்த்து ஓட்டினார். கடைசியில் தாங்க முடியவில்லை.

"ரூபி, அப்பா ஒன்னு சொல்லவா?"

"வேணாம்பா. மொதல்ல நாங்க யோசிக்கறோம்."

எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, அந்த 'வேணாம்பா'வைக் கேட்டதில் நெஞ்சு நிறைந்தும் இருந்தது.

"சரி," என்றார். "செஞ்சு முடிச்சதும் எனக்குக் காட்டுவியா?"

ரூபினி பென்சிலை நிறுத்தி யோசித்தாள். "மொதல்ல மார்கஸ் போட்டுப் பாக்கட்டும். அப்புறம் உங்களுக்குக் காட்டறேன்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டு ஊர்ச் சாலைக்குள் காரைத் திருப்பினார்.